எண்ணுவோம்; உள்ளபடி எழுதுவோம்!

"பறவைகளை விரும்பாதவர் யார்?" என்று கேட்டால் நம் பள்ளியில் ஒரு கைகூட உயராது. சிட்டுக்குருவி தினம் வந்தால் சுவரொட்டி எழுதுகிறோம். சுற்றுச்சூழல் தினம் வந்தால் பேச்சுப்போட்டி நடத்துகிறோம். காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணும் பாட்டிமார் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தோழியரே, "உங்கள் பள்ளி வளாகத்தில் எத்தனை வகைப் பறவைகள் உள்ளன? ஐந்தாண்டுகளுக்கு முன் இருந்தவை எல்லாம் இன்றும் இருக்கின்றனவா?" என்று ஒருவர் வந்து கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? பேச்சுப்போட்டியில் முதற்பரிசு பெற்றவரும் தலையைச் சொறிய வேண்டியதுதான்!

பறவைகளைக் காக்க அன்பு மட்டும் போதாது. கணக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. அக்கணக்கை விஞ்ஞானிகள் மட்டும் போட்டு முடிக்க இயலாது. மாணவியரும் ஆசிரியைகளும் தாய்மாரும் உழவரும் சேர்ந்து போட வேண்டிய கணக்கு அது. "இதென்ன, வேலையற்றவர் வேலை!" என்று நகைப்போரும் உண்டு. அவர்கள் சற்றே பொறுமையுடன் மேலே படிக்க வேண்டுகிறேன்.

முதலில், பறவை ஆராய்ச்சியாளர்கள் எவ்வாறு ஆராய்கிறார்கள் என்று பார்ப்போம். ஆட்டு மந்தையில் தம் ஆட்டை அறிந்துகொள்ள இடையர்கள் அதன் காதில் அடையாளமிடுவது வழக்கம். பறவை விஞ்ஞானிகளும் அதையே செய்கின்றனர். மெல்லிய நைலான் வலையில் பறவையைப் பிடித்து, எடை பார்த்து, இறக்கையை அளந்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையம் ஒன்றை மாட்டிப் பறக்க விட்டுவிடுகின்றனர். பிறகு வேறெங்கோ அப்பறவை பிடிபட்டால் அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் வாழ்ந்தது என்பன தெரிந்துவிடும். இம்முறையை ஒழுங்காகத் தொடங்கி வைத்தவர் மார்ட்டென்சன் என்பவர். அவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர்! 1899-ஆம் ஆண்டில் அவர் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் கால்களில் அணிவித்தார்.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. குளிர்காலத்தில் ஐரோப்பாவின் தகைவிலான் குருவிகள் எங்கே மறைகின்றன என்பது நெடுங்காலமாகப் புதிராகவே இருந்தது. சேற்றில் புதைந்து உறங்குகின்றன என்று நம்பியவர்களும் உண்டு. 1911 மே மாதம் இங்கிலாந்தில் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பிடிபட்டது. நம்மருகே கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக வளையமிடும் பணியைச் செய்து வந்துள்ளனர். சைபீரியா முதலிய வடபுலங்களிலிருந்து வரும் சின்னஞ்சிறு உள்ளான்களின் வழித்தடங்களை அறிய அது உதவியது.

இன்று விஞ்ஞானம் இன்னும் முன்னேறிவிட்டது. பறவையின் உடலில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியே அது செல்லும் பாதையை அறைக்குள் அமர்ந்தே காண்கின்றனர். 2022-ஆம் ஆண்டில், ஐந்தே மாதம் நிரம்பிய பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் புறப்பட்டு, எங்கும் இறங்காமல் பதினொரு நாள் பறந்து, 13,560 கிலோமீட்டர் கடந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இறங்கியது. அதன் எடையோ அரைக் கிலோவுக்கும் குறைவு. படிக்கும்போதே மெய்சிலிர்க்கிறது அன்றோ?

ஆனால் வளையமும் செயற்கைக்கோளும் ஒரு கேள்விக்கு விடை தர இயலாதவை. ஒரு பறவை எங்கே போயிற்று என்று அவை கூறும். அவ்வினத்தில் மொத்தம் எத்தனை உள்ளன, அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்பதைக் கூற, ஊர்தோறும் ஒருவர் நின்று எண்ணியாக வேண்டும். அதற்கு வேண்டிய அளவு விஞ்ஞானிகள் உலகின் எந்த நாட்டிலும் இல்லை. ஆகவேதான் பொதுமக்களின் உதவி தேவைப்படுகிறது.

இவ்வுதவி தொடங்கிய கதை சுவையானது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று துப்பாக்கியுடன் இரு அணியாகப் பிரிந்து காட்டுக்குச் செல்வார்களாம். எந்த அணி அதிகப் பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவிக்கிறதோ அதற்கே வெற்றி! பிராங்க் சாப்மன் என்ற பறவை நிபுணர் 1900-ஆம் ஆண்டில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: "இவ்வாண்டு சுடவேண்டாம், எண்ணுவோம்." அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். இன்று பல்லாயிரம் பேர் ஆண்டுதோறும் அப்பணியைத் தொடர்கின்றனர். போட்டி போடும் ஆசையை அப்படியே வைத்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் கீழே வைக்கச் செய்த அவர் சாமர்த்தியசாலிதான்!

பின்னர் 1966-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் இன்னும் ஒழுங்கான ஒரு முறை தொடங்கப்பட்டது. தன்னார்வலர் ஒருவர் ஆண்டுக்கொருமுறை, கூடு கட்டும் பருவத்தில், விடியுமுன்னே புறப்பட்டுக் குறிப்பிட்ட ஒரு சாலையில் 50 இடங்களில் நிற்பார். ஒவ்வோரிடத்திலும் மூன்றே நிமிடம், கண்டதையும் கேட்டதையும் எழுதுவார். அடுத்த ஆண்டும் அதே சாலை, அதே இடங்கள். மூன்று நிமிடத்தில் என்ன தெரிந்துவிடும் என்று தோன்றலாம். இத்தகைய கணக்குகளையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான், 1970-ஆம் ஆண்டில் இருந்ததைவிட ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் வட அமெரிக்காவில் குறைந்துவிட்டன என்று 2019-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதுதானே?

நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகஞ்சுளித்துப் பேசும் பாறுகள், ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கூட்டங்கூட்டமாக இருந்தன. இறந்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். "இத்தனை இருக்கின்றனவே, இவற்றை யார் எண்ணுவார்?" என்று எல்லோரும் இருந்துவிட்டிருந்தால், அவை மறைந்த செய்திகூட நமக்குச் சரியாகத் தெரிந்திராது. நல்லவேளையாக, 1990-களின் தொடக்கத்தில் பம்பாய்க் கழகத்தார் பல மாநிலங்களில் சாலை வழியே சென்று இரைகொல்லிப் பறவைகளை எண்ணி எழுதி வைத்திருந்தனர். 2000-இல் அதே சாலைகளில் மீண்டும் சென்று எண்ணியபோதுதான் வீழ்ச்சியின் அளவு புலப்பட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையே, வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சியது!

காரணம் என்ன? மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து. அம்மருந்து உடலில் தங்கியிருக்க இறந்துபோன மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டு அவை மாண்டன. 2004-இல் இவ்வுண்மை வெளியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை இந்திய அரசு தடை செய்தது. இன்று தமிழகத்தில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் சிறு எண்ணிக்கையில் வாழ்கின்றன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய கணக்கு ஏட்டில் இருந்ததனால்தான் புதிய கணக்குக்குப் பொருள் கிடைத்தது. பறவை நிறைய இருக்கும்போதே எண்ணி வைக்க வேண்டும். குறைந்த பிறகு எண்ணத் தொடங்கினால் எதனோடு ஒப்பிடுவது?

"சரி, பெரிய விஞ்ஞானக் கழகத்தார் எண்ணினார்கள்; பள்ளி மாணவி எண்ணி என்ன பயன்?" என்று கேட்கலாம். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த "இந்தியப் பறவைகளின் நிலை" என்ற அறிக்கையே இதற்கு விடை. நாடெங்கும் சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இணையத்தில் இ-பேர்ட் என்னும் ஏட்டில் பதிந்த ஏறத்தாழ மூன்று கோடிக் குறிப்புகளே அவ்வறிக்கைக்கு அடிப்படை. மாணவர், வங்கி ஊழியர், மருத்துவர், இல்லத்தரசியர் எனப் பல திறத்தாரும் எழுதிய குறிப்புகள் அவை. 942 இனங்களை ஆராய்ந்ததில், 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று கூறுகிறது அவ்வறிக்கை. மயிலும் குயிலும் மாடப்புறாவும் பெருகியுள்ளன. மின்கம்பியில் அமர்ந்திருக்கும் நம் பனங்காடை குறைந்து வருகிறது.

ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறோர் எண். நெடுங்காலப் போக்கு இன்னதென்று கூற முடிந்தது 338 இனங்களுக்கு மட்டுமே. அவற்றில் நூற்றுக்கு அறுபது குறைந்துள்ளன. மீதியுள்ள 604 இனங்கள் கூடினவா, குறைந்தனவா? கூற இயலவில்லை, போதிய கணக்கு இல்லை! நம் தாத்தா பாட்டி காலத்தில், நம் பெற்றோர் பள்ளியில் படித்த காலத்தில், யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை இனி எந்தக் கருவியாலும் நிரப்ப முடியாது. நாமும் எழுதாமல் இருந்தால், நமக்குப் பின் வருவோர் நம்மைக் குறித்தும் இதையேதான் கூறுவார்கள்.

கணக்கு வதந்தியையும் திருத்தும். "கைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி இனமே அழிகிறது" என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! அதற்குத் தக்க சான்று இல்லை. 2020-இல் வெளிவந்த முந்தைய அறிக்கையின்படி, சிட்டுக்குருவி நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே உள்ளது, பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது. இதை அறிந்தவர் கோபுரத்தைத் திட்டுவதை விட்டு, நகரத்து வீட்டில் கூடு கட்ட ஓர் இடுக்குண்டா, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி உண்டா என்று யோசிப்பார். தவறான காரணத்தைத் துரத்தினால் காலமும் வீண், குருவிக்கும் பயனில்லை.

அனுபவமற்றவர் எழுதும் கணக்கை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. இதற்காகவே சில எளிய விதிகளை வகுத்துள்ளனர். எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எத்தனை நிமிடம் எண்ணினோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எத்தனை பேர் பார்த்தோம் என்பவற்றை எழுத வேண்டும். பெருங்கூட்டமாகப் பறவைகள் வந்தால் பத்தை எண்ணிக்கொண்டு, அதுபோல் எத்தனை பத்துகள் என்று மதிப்பிட வேண்டும். அபூர்வமான பறவை என்று பதிந்தால், அனுபவமிக்கவர்கள் சான்று கேட்டுச் சரிபார்ப்பார்கள். பலரும் ஒரே முறையில் பல ஆண்டுகள் எண்ணும்போது, ஒருவர் இருவர் செய்யும் சிறு பிழை போக்கை மாற்றிவிடாது.

இவ்விதிகளுள் முக்கியமானது, கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதுவது. மயிலை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தை விட்டுவிடக் கூடாது. இதை நம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஆசிரியை எல்லாப் பெயர்களையும் அழைத்த பின்னரே "இன்னார் வரவில்லை" என்று குறிக்கிறார். சில பெயர்களை மட்டும் அழைத்தால், வராதவர் யார் என்று அப்பதிவேடு காட்டுமா? அதுபோலவே, கண்டதையெல்லாம் எழுதும் பட்டியலில்தான் காணாத பறவையும் கணக்கில் வருகிறது. "இன்று கொண்டலாத்தி இல்லை" என்பதும் ஒரு செய்தியே. ஆகவே "இன்று ஒன்றும் விசேஷமில்லை, எழுத வேண்டாம்" என்று ஏட்டை மூடிவிடுவது பெருந்தவறு.

இன்னொரு சோதனை நம் மனத்திலேயே இருக்கிறது. பக்கத்து வகுப்பினர் இருபது வகை கண்டால் நமக்கு இருபத்தொன்று காண ஆசை வரும். சென்ற வாரம் வந்த மீன்கொத்தி இன்றும் வந்திருக்கும் என்று எழுதிவிடக் கை துடிக்கும். உயரே பறந்தது பருந்தா, வைரியா என்று தெரியாமலே ஒரு பெயரைச் சூட்டத் தோன்றும். அங்கேதான் நம் நேர்மைக்குத் தேர்வு. தேர்வுத்தாளில் பார்த்து எழுதினால் கண்காணிப்பாளர் பிடித்துவிடுவார். பறவை ஏட்டில் பொய் எழுதினால் பிடிப்பார் எவருமில்லை. தெரியாததை "இனந்தெரியாத பறவை ஒன்று" என்று எழுதுகிறவளே விஞ்ஞானத்துக்கு உதவுகிறாள். இன்று ஒலியைக் கேட்டே பறவையின் பெயர் கூறும் கைபேசிச் செயலிகளும் வந்துவிட்டன. அவை நல்ல துணை. ஆனால் அவை சொன்ன பெயரையும் நம் கண்ணாலோ காதாலோ உறுதி செய்த பின்னரே எழுத வேண்டும்.

"பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? காடு மேடு சுற்றுவது ஆண்கள் வேலை" என்பாரும் உளர். அமெரிக்காவின் மார்கரெட் மோர்ஸ் நைஸ் அம்மையாரை அவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். முதுகலைப் பட்டம் பெற்றவர்; ஆனால் பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வுக்கூடமோ இல்லாதவர்; பெண்மக்களை வளர்த்த தாய். 1928-ஆம் ஆண்டு முதல் ஒஹையோ மாநிலத்தில் தம் வீட்டருகே இருந்த பாடும் சிட்டுகளின் கால்களில் வண்ண வளையமிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து, ஆண்டுக்கணக்கில் அவற்றின் வாழ்க்கையைப் பதிந்து வந்தார். 1937-லும் 1943-லும் அவர் வெளியிட்ட இரு நூற்பகுதிகள் உலகப் பறவை விஞ்ஞானிகளின் பாராட்டைப் பெற்றன. அவர் காடு மேடு சுற்றவில்லை. வீட்டுக்குப் பக்கத்தையே விடாமல் பார்த்தார். நம் நாட்டிலும் ஜமால் ஆரா அம்மையார் பறவைகளைப் பற்றி எளிய நூல் எழுதி, அது 1970-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வழியே வெளிவந்தது. சலீம் அலி அவர்களை அறிந்த நாம் இவர்களையும் அறிய வேண்டாமா?

"எண்ணினால் மட்டும் பறவை பிழைத்துவிடுமா?" என்று ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பிழைக்காதுதான். காய்ச்சல் மானியும் காய்ச்சலைக் குணமாக்குவதில்லை. ஆனால் அதைப் பாராமல் மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் நம் குழந்தையைக் கொண்டு செல்வோமா? முதலில் நோய் உண்டென்று தெரிய வேண்டும்; எவ்வளவு என்று தெரிய வேண்டும்; கொடுத்த மருந்து பலித்ததா என்றும் தெரிய வேண்டும். மூன்றுக்கும் கணக்கே வழி.

ஆகவே என் யோசனை இது. நம் பள்ளிக்கென ஒரு பறவை ஏடு வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலைக் கூட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம் போதும். வளாகத்தில் மூன்று இடங்களை நிலையாகக் குறித்துக்கொள்வோம்; வேப்பமரத்தடி ஒன்று, விளையாட்டுத் திடலின் ஓரம் ஒன்று, சமையலறையின் பின்புறம் ஒன்று. இடத்துக்கு இருவர், ஒருத்தி பார்க்க, ஒருத்தி எழுத. பிழை நேர்ந்தால் அழிக்காமல், பழையது தெரியும்படி ஒரு கோடு போட்டுத் திருத்த வேண்டும். கூட்டைக் கலைப்பதும், படமெடுக்கக் குஞ்சின் அருகே போவதும் கூடவே கூடாது. ஆசிரியை ஒருவரின் துணையுடன் மாதந்தோறும் இக்கணக்கை இணைய ஏட்டிலும் ஏற்றிவிட்டால், நம் வேப்பமரத்துத் தவிட்டுக் குருவிகளும் நாட்டின் கணக்கில் சேரும்.

பிப்ரவரியில் கல்வி வளாகங்களுக்கென்றே நாடு தழுவிய பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறுகிறது. விடுதித் தோழியரே, இதில் உங்களுக்கே வாய்ப்பு அதிகம்! வேடந்தாங்கலுக்குச் சென்று நாரைகளை எண்ண ஆயிரம் பேர் உண்டு. உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நின்று உண்ணிக்கொக்கையும் ஆள்காட்டியையும் எண்ண உங்களைவிட்டால் யார் உண்டு?

இவ்வேலையில் ஆரவாரம் இல்லை. மாலையோ மேடையோ கிடைப்பதும் அரிது. பலனும் உடனே தெரியாது. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியை மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. எனவே ஒன்பதாம் வகுப்பினர் ஏட்டைப் பொறுப்பேற்று, ஆண்டின் முடிவில் அடுத்து வரும் வகுப்பினர் கையில் முறையாக ஒப்படைக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். விளையாட்டு விழாவில் கோப்பையைக் கைமாற்றுகிறோமே, அதுபோல!

இன்று நம் பாலர் வகுப்பில் அகரம் எழுதப் பழகும் சின்னத் தங்கை, பத்தாண்டுகள் கழித்து அந்த ஏட்டைத் திறப்பாள். "என் அக்காமார் காலத்தில் இங்கே இத்தனை இருந்தன; இப்போது இத்தனை உள்ளன" என்று அவள் உறுதியாகக் கூற வேண்டும். கூடியிருந்தால் மகிழ்வாள், குறைந்திருந்தால் காரணம் தேடுவாள். அதற்கு வேண்டிய முதற்பக்கத்தை எழுதும் பொறுப்பு நம்முடையது. வரும் வெள்ளிக்கிழமையே தொடங்கலாமே, தோழியரே!